டிரைவருக்குத் தும்மல் வந்தால்?

ஸ்காட்லாந்தில் டண்டீ என்று ஒரு நகரம். அந்த நகரத்து டாக்டர்களிடம் ஒருவர் வந்தார். வயது முப்பதுக்கு மேல். கழுத்து இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது. வலி தாங்கவில்லை. தலையை அசைக்க முடியவில்லை. தொட்டுப் பார்த்தால் தோலுக்கு அடியில் நறநறவென்று சத்தம் கேட்டது. யாரும் அவரை அடிக்கவில்லை. கார் எதிலும் மோதவும் இல்லை. அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான். கார் ஓட்டிக்கொண்டிருக்கும்போது தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்து, வாயை இறுக மூடி, அதை அடக்கிவிட்டார்.

வெளியே போக வழியில்லாத காற்று உள்ளேயே வழி தேடிக்கொண்டது. மூச்சுக் குழாயில் 2 மில்லிமீட்டர் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அதன் வழியாகக் காற்று கசிந்து கழுத்திலும் மார்பிலும் தோலுக்கு அடியே பரவியிருந்தது. நல்ல வேளையாக ஆபரேஷன் தேவைப்படவில்லை. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனித்தார்கள். ஐந்து வாரம் கழித்துப் படம் எடுத்துப் பார்த்தபோது ஓட்டை ஆறியிருந்தது. பிரிட்டனில் வெளியாகும் மருத்துவப் பத்திரிகை ஒன்றில் 2023 டிசம்பரில் இந்த விவரம் வந்தது. மூக்கையும் வாயையும் மூடித் தும்மலை அடக்கினால் உள்ளே காற்றின் அழுத்தம் 20 மடங்கு வரை ஏறக்கூடும் என்று அந்த டாக்டர்கள் எழுதியிருந்தார்கள்.

உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் இதை விநோதச் செய்தியாகப் போட்டன. படித்தவர்கள் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார்கள். ஆனால் இந்தச் செய்தியில் யாரும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. அந்த மனிதர் ஏன் தும்மலை அடக்கினார்? அடக்காமல் தும்மியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கார் ஓட்டுகிறவர்களுக்கும், லாரி, பஸ் ஓட்டிப் பிழைக்கிறவர்களுக்கும், ஸ்கூட்டரில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும் தாய்மார்களுக்கும் இது விநோதச் செய்தி அல்ல. அன்றாடக் கவலை.

ஒரு விநாடிக் கணக்கு

மூக்கின் உள்தோலில் தூசியோ, மகரந்தமோ, புகையோ பட்டால் முகத்து நரம்பு வழியாக மூளையின் அடிப்பாகமான முகுளத்துக்குச் செய்தி போகிறது. அங்கிருந்து உத்தரவு பிறக்கிறது. நெஞ்சு நிறையக் காற்றை இழுக்கிறோம். தொண்டை மூடுகிறது. நெஞ்சுத் தசையும் வயிற்றுத் தசையும் ஒருசேரச் சுருங்குகின்றன. பிறகு காற்று வெடித்து வெளியேறுகிறது. அந்த நேரத்தில் கண் தானாக மூடிக்கொள்கிறது. கண்ணைத் திறந்தபடி தும்மக்கூடியவர்கள் சிலர் உண்டு. பெரும்பாலோருக்கு அது முடிகிற காரியம் அல்ல. கண் விழி வெளியே வந்துவிடும், இருதயம் நின்று விடும் என்றெல்லாம் சொல்வது கட்டுக்கதை. கண் மூடுவது மட்டும் உண்மை. டிரைவருக்கு அது ஒன்று போதும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கண் ஒரு விநாடி மூடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் போய்விடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் 22 மீட்டர். 100 கிலோமீட்டர் வேகத்தில் 28 மீட்டர். ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கண்ணை மூடிக்கொண்டு கடப்பதற்குச் சமம் அது.

அதுவும் ஒரே தும்மலாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. தும்மல்காரர்களுக்குத் தெரியும், ஒன்றோடு நிற்பது அபூர்வம். நான்கு, ஐந்து, எட்டு என்று அடுக்கடுக்காக வரும். நடுநடுவே கண்ணில் நீர் நிறையும். மூக்கு ஒழுகும். கைக்குட்டையைத் தேடி ஒரு கை சட்டைப் பைக்குப் போகும். உடம்பு முன்னால் குலுங்கும்போது ஸ்டியரிங் இழுபடும்; ஆக்ஸிலேட்டர் மேல் இருக்கும் கால் தன்னை அறியாமல் அழுத்தும். கண் மூடிய நேரம் ஒரு விநாடிதான். கவனம் கலைந்த நேரமோ பத்துப் பதினைந்து விநாடி.

காரில் போகிறவரையாவது நாலு சக்கரம் தாங்குகிறது. மோட்டார் சைக்கிள்காரர் நிலைமை வேறு. தும்மும்போது கைகள் இறுகினால் முன் பிரேக் பிடிபடும்; மணல் கிடக்கும் ரோட்டில் அது ஒன்றே கீழே தள்ளிவிடும். முழு ஹெல்மெட் போட்டிருந்தால் கண்ணாடியின் உள்பக்கம் முழுவதும் ஆவி படர்ந்து எதிரே வருவது தெரியாமல் போகும். துடைப்பதற்குக் கையை எடுத்தால் அது இன்னொரு ஆபத்து.

ஏட்டில் இல்லாத காரணம்

இந்தியாவில் 2023ஆம் வருஷத்தில் 4,80,583 சாலை விபத்துகள் நடந்தன. 1,72,890 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 67,213 விபத்துகள், 18,347 சாவுகள். இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இரு சக்கர வண்டியில் போனவர்கள். இவை மத்திய சர்க்கார் வெளியிட்ட கணக்கு.

அந்த அறிக்கையில் ஓட்டுகிறவரின் தவறுகளுக்குத் தனித்தனிப் பத்தி உண்டு. அதிக வேகம், குடிபோதை, தப்பான பக்கத்தில் ஓட்டுவது, சிவப்பு விளக்கைத் தாண்டுவது, போன் பேசுவது என்று எழுதியிருக்கும். பத்தில் ஏழு விபத்து அதிக வேகத்தின் தலையில் எழுதப்படுகிறது. கடைசியில் 'இதர காரணங்கள்' என்று ஒரு பத்தி. தும்மலுக்கு இடம் இருந்தால் அந்தப் பத்தியில்தான் இருக்க வேண்டும்.

ஆனால் அங்கேயும் அது இருக்குமா என்பது சந்தேகம். குடித்திருந்தால் ரத்தத்தில் தெரியும். போன் பேசியிருந்தால் போனில் தெரியும். வேகமாகப் போயிருந்தால் டயர் தடம் சொல்லும். தும்மல் எந்தத் தடயத்தையும் விட்டுப் போவதில்லை. ஓட்டினவர் பிழைத்திருந்தால் அவர் சொல்ல வேண்டும். சொன்னாலும் போலீஸ் ஸ்டேஷனில் யார் நம்புவார்கள்? "தும்மினேன், பஸ் பள்ளத்தில் இறங்கிவிட்டது" என்று ஒரு டிரைவர் எழுதிக் கொடுத்தால் அதைச் சாக்கு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே அவர் "குறுக்கே மாடு வந்தது" என்று சொல்லிவிடுகிறார். கணக்கில் வராத காரணத்துக்குப் பரிகாரமும் யாரும் தேடுவதில்லை.

விபத்துகளில் பெரும் பகுதி தும்மலால் நடக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. வேகமும் குடியும்தான் முதல் எமன்கள். ஆனால் 80 கிலோமீட்டர் வேகத்தில் முன் வண்டியை ஒட்டிக்கொண்டு போகிறவனுக்கு ஒரு தும்மல் போதும். தள்ளி நிதானமாகப் போகிறவனுக்கு நான்கு தும்மலும் ஒன்றும் செய்யாது. இதை மட்டும் மறக்கக்கூடாது.

சூரியனைப் பார்த்தால் தும்மல்

தூசியால்தான் தும்மல் வரும் என்பதில்லை. வெளிச்சத்தாலும் வரும். இருட்டிலிருந்து சட்டென்று வெயிலுக்கு வந்தால் இரண்டு மூன்று தும்மல் போடுகிறவர்கள் நம்மிடையே அநேகர் இருக்கிறார்கள். மேல்நாட்டு ஆராய்ச்சிகள் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை இந்த ரகம் என்று சொல்கின்றன. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு.

இது பழைய புதிர். கிரேக்க ஞானி அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் நூல் ஒன்றிலேயே, சூரிய வெப்பம் தும்மலைக் கிளப்புகிறது, நெருப்பின் வெப்பம் ஏன் கிளப்புவதில்லை என்ற கேள்வி இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் பேகன், கண்ணை மூடிக்கொண்டால் வெயில் பட்டாலும் தும்மல் வருவதில்லை என்று கவனித்தார். ஆக, காரணம் சூடு அல்ல, கண்ணில் விழும் வெளிச்சம். 1993ல் அமெரிக்க ராணுவ வைத்தியப் பத்திரிகை ஒன்று, போர் விமானம் ஓட்டுகிறவர்களுக்கு இந்த வெளிச்சத் தும்மல் அபாயமாகலாம் என்று ஒரு கட்டுரையே வெளியிட்டது.

போர் விமானம் ஓட்டுகிறவனுக்கு உள்ள அபாயம் நம் ஊர் டிரைவருக்கும் உண்டு. கோயமுத்தூரிலிருந்து பாலக்காடு வழியாகத் திருச்சூர் போகிறவர்கள் குதிரான் மலைச் சுரங்கத்தைக் கடந்துதான் போக வேண்டும். அதன் முதல் குழாய் 2021 ஜூலை 31ந் தேதி திறக்கப்பட்டது. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம். நடுப்பகலில் அந்த இருட்டிலிருந்து வெளியே வரும் இடத்தில் வெயில் முகத்தில் அறையும். வெளிச்சத் தும்மல்காரருக்கு அதுதான் அபாய எல்லை. சென்னையில் ரெயில் பாதைக்கு அடியில் போகும் சுரங்கப் பாதைகளின் மேட்டிலும், மரம் அடர்ந்த மலைப் பாதையின் வளைவிலும் இதே கதைதான். பரிகாரம் சுலபம். சுரங்கத்திலிருந்து வெளியே வருவதற்கு முன்பே கார் முகப்பில் இருக்கும் வெயில் மறைப்பை இறக்கிவிட வேண்டும். வேகத்தைக் குறைத்து முன் வண்டிக்கு இடைவெளி விட வேண்டும். வெளியே வந்ததும் கறுப்புக் கண்ணாடி உதவும். சுரங்கத்துக்குள்ளேயே அதைப் போட்டுக்கொண்டு ஓட்டினால் வழியே தெரியாது.

நம் ரோட்டின் தூசி

மேல்நாடுகளில் தும்மலுக்குப் பருவம் உண்டு. வசந்த காலத்தில் புல்லும் மரமும் மகரந்தம் உதிர்க்கும்போது அங்கே ஊரே தும்மும். நம் ஊரில் பருவம் என்று ஒன்று தனியாக இல்லை. வருஷம் முழுவதும் ஏதாவது ஒன்று பறந்துகொண்டே இருக்கிறது.

எம்.சாண்ட் ஏற்றிய லாரி தார்ப்பாய் போடாமல் முன்னே போகிறது. அதன் பின்னால் பத்து மைல் போகிறவர் மூக்கைச் சும்மா வைத்துக்கொள்ள முடியுமா? தவிட்டு லாரி, உமி லாரி, வைக்கோல் லாரி எல்லாம் இதே கூட்டம்தான். மேம்பாலம் கட்டுகிறோம் என்று தோண்டிப் போட்ட மண் மாதக் கணக்கில் கிடக்கிறது. அறுவடைக் காலத்தில் கிராமத்து ரோட்டிலேயே கேழ்வரகையும் கொள்ளையும் பரப்பி வண்டிச் சக்கரத்தால் அடிக்க விடுகிறார்கள். அந்தச் சுணை காற்றில் எழும்புகிறது. போகிப் பண்டிகை விடியற்காலையில் பழம் பாயும் டயரும் எரிகிற புகை பனியோடு சேர்ந்து ரோட்டை மூடுகிறது.

இவை போதாதென்று ரோட்டோரச் செடிகள் இருக்கின்றன. 1950களில் புனா பக்கம் முதலில் கவனிக்கப்பட்ட பார்த்தீனியம் இன்று தேசமெங்கும் வேலி ஓரத்தில் வெள்ளைப் பூப் பூத்து நிற்கிறது. ராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக் கருவேலம். இரண்டின் மகரந்தமும் ஒவ்வாமைக்குப் பேர் போனவை.

வெளியில் இருப்பது இவ்வளவு. வண்டிக்குள் இருப்பது என்ன? ஏ.சி. காற்றை வடிகட்டும் பில்டரை மாற்றாமல் வருஷக் கணக்கில் ஓட்டுகிறவர்கள் அநேகம். மழைக் காலம் முடிந்ததும் அதில் பூஞ்சை பிடித்துவிடும். ஏ.சி.யைப் போட்ட முதல் நிமிஷத்தில் எல்லாமாகச் சேர்ந்து ஓட்டுகிறவர் முகத்தில்தான் வீசும். பூஜைக்கு ஏற்றிய ஊதுபத்தி ஒரு பக்கம். வாசனைக்காகத் தொங்கவிட்ட குப்பி ஒரு பக்கம். தும்மலை வீட்டிலேயே வளர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறோம்.

மாத்திரை போட்டால் சரியாகுமா?

இங்கேதான் பெரிய அபாயம் இருக்கிறது. தும்மலைவிடத் தும்மல் மாத்திரை பொல்லாதது.

ராத்திரி லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பும் டிரைவருக்கு மூக்கு ஒழுகுகிறது. மருந்துக் கடையில், "ஜலதோஷத்துக்கு இரண்டு மாத்திரை கொடுங்கள்" என்கிறார். கடைக்காரர் அட்டையிலிருந்து இரண்டைக் கத்தரித்துக் கொடுக்கிறார். டீயோடு சேர்த்து ஒன்றை விழுங்கிவிட்டு வண்டியில் ஏறுகிறார். தும்மல் நிற்கிறது. ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு இமை கனக்கிறது. ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றில் குளோர்பெனிரமின் என்ற பழைய ரக மருந்து இருக்கிறது. அது மூளைக்குள் போய்த் தூக்கத்தைக் கொடுக்கும். எச்சரிக்கை அட்டையின் பின்புறத்தில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கிறது; அதுவும் கத்தரித்த பாதியோடு கடையிலேயே நின்றுபோகிறது.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலை டாக்டர்கள் 2000ஆம் வருஷத்தில் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். பருவத் தும்மல் உள்ள 40 பேரைக் கார் ஓட்டுவது போன்ற பாவனை யந்திரத்தில் உட்காரவைத்து ஓட்டச் சொன்னார்கள். ஒரு முறை டைபென்ஹைட்ரமின் என்ற பழைய மருந்தைக் கொடுத்தார்கள். ஒரு முறை பெக்ஸோபெனடின் என்ற புது மருந்து. ஒரு முறை ரத்தத்தில் 0.1 சதவீதம் ஏறும் அளவுக்குச் சாராயம். ஒரு முறை வெறும் போலி மாத்திரை. பழைய மருந்து சாப்பிட்டவர்கள், குடித்தவர்களைவிட மோசமாக ஓட்டினார்கள். புது மருந்து சாப்பிட்டவர்களுக்கும் போலி மாத்திரைக்காரர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இன்னொன்றும் தெரிந்தது. தூக்கம் வருகிறதா என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதிலுக்கும் ஓட்டிய லட்சணத்துக்கும் சரியான பொருத்தம் இல்லை. "எனக்குத் தூக்கமே வரவில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று ஒருவர் சொல்வதை நம்பி அவரை ஓட்டவிட முடியாது என்பதுதான் இதன் அர்த்தம்.

அப்படியானால் மருந்தே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? அதுவும் கூடாது. ஹாலந்தில் மாஸ்டிரிக்ட் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2014ல் வெளியிட்ட பரிசோதனையில், மகரந்த ஒவ்வாமை உள்ள 19 பேரை நிஜ ரோட்டிலேயே ஓட்டச் சொன்னார்கள். மருந்து எடுக்காமல் தும்மலோடு ஓட்டியபோது வண்டி பக்கவாட்டில் அதிகமாக அலைந்தது. ஓட்டிக்கொண்டே சில சொற்களை நினைவில் வைக்கச் சொன்ன கட்டத்தில் அந்த அலைச்சல், ரத்தத்தில் 0.05 சதவீதம் சாராயம் உள்ளவர் ஓட்டுவதற்கு ஒப்பாக இருந்தது. நம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03 சதவீதம்தான். மருந்து எடுத்தபோது இந்தக் குறை தணிந்தது.

ஆக, தும்மலோடு ஓட்டினாலும் ஆபத்து; தப்பான மாத்திரையோடு ஓட்டினாலும் ஆபத்து. சரியான வழி நடுவில் இருக்கிறது. தூக்கம் கொடுக்காத ரக மருந்துகள் இன்று சாதாரணமாகக் கிடைக்கின்றன. மூக்கில் அடித்துக்கொள்ளும் ஸ்பிரே மருந்துகள், நாள்பட்ட தும்மலுக்கு நல்ல பலன் தருபவை, தூக்கமும் தராதவை. "நான் டிரைவர். ராத்திரி வண்டி ஓட்டுகிறவன்" என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் அவர் அதற்கேற்ற மருந்தை எழுதிக் கொடுப்பார். எந்தப் புது மாத்திரையையும் முதல் தடவை லீவு நாளில் சாப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

அமெரிக்காவில் விமானம் ஓட்டுகிறவர் டைபென்ஹைட்ரமின் சாப்பிட்டால் 60 மணி நேரம் கழித்துத்தான் விமானத்தைத் தொடலாம் என்று விமானத் துறை சொல்லியிருக்கிறது. ஐம்பது பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு ராத்திரி பூராவும் ஓட்டும் நம் ஊர் பஸ் டிரைவரிடம், என்ன மாத்திரை சாப்பிட்டாய் என்று கேட்பார் உண்டா?

சட்டம் என்ன சொல்கிறது?

தும்மல் தானாக வருவது. தானாக வருவதற்கு ஒருவனைத் தண்டிக்கலாமா? நியாயமான கேள்விதான்.

இங்கிலாந்தில் 1958ல் ஒரு வழக்கு வந்தது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போய் இடித்த டிரைவர், தனக்கு நினைவு தப்பிவிட்டது என்று சொன்னார். நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. ஆனால் தீர்ப்பில் ஒரு விஷயத்தை விளக்கினார்கள். ஓட்டுகிறவன் மேல் தேனீக் கூட்டம் வந்து மொய்த்தால், அல்லது எங்கிருந்தோ ஒரு கல் வந்து தலையில் பட்டால், அந்த நேரத்தில் அவன் வண்டியை ஓட்டுகிறான் என்றே சொல்ல முடியாது என்பது அந்த விளக்கம். திடீரென்று வந்த முதல் தும்மலும் தேனீயைப் போலத்தான்.

நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் 1988ஆம் வருஷத்தது. அதன் 186வது பிரிவு ஒரு நுட்பமான வார்த்தையைப் போட்டிருக்கிறது. ஓட்டினால் மற்றவர்களுக்கு ஆபத்து உண்டாக்கக்கூடிய நோயோ குறையோ தனக்கு இருப்பது 'தெரிந்தே' ஒருவன் ஓட்டினால் அது குற்றம். முதல் தடவை 1,000 ரூபாய், அடுத்த தடவை 2,000 ரூபாய் அபராதம் என்று 2019 திருத்தம் சொல்கிறது. லைசென்ஸுக்கு மனுப் போடும்போது எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியிலும் வலிப்பு உண்டா, மயக்கம் வருமா, மாலைக்கண் உண்டா என்று கேட்டுவிட்டு, ஆபத்தாகக்கூடிய வேறு நோய் எதுவும் உண்டா என்றும் ஒரு கேள்வி இருக்கிறது. தும்மல்காரர்கள் யாராவது அங்கே 'உண்டு' என்று எழுதியிருப்பார்களா என்பது வேறு விஷயம்.

'தெரிந்தே' என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் தும்மல் யாருடைய குற்றமும் அல்ல. மூன்றாவது தும்மலுக்குப் பிறகும் வேகம் குறையாமல் போகிறவன், நான்காவது வரும் என்று தெரிந்தே போகிறான். அந்த நான்காவது தும்மலில் ஒரு உயிர் போனால் அஜாக்கிரதையால் மரணம் விளைவித்த குற்றம் வரும். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அதற்கு ஐந்து வருஷம் வரை சிறை உண்டு.

பாதிக்கப்பட்டவர் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். ஓட்டியவர் மேல் தப்பு இருக்கிறதா இல்லையா என்று நிரூபிக்காமலே, சாவுக்கு 5 லட்ச ரூபாயும், கொடுங்காயத்துக்கு 2½ லட்ச ரூபாயும் நஷ்ட ஈடு பெற இந்தச் சட்டத்தின் 164வது பிரிவு வழி செய்கிறது. "அவர் தும்மினாராம், அதனால் ஒன்றும் கிடைக்காது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நிறுத்துவதற்கு யாருக்கு உரிமை?

தும்மல் தொடர்ந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி, அடங்கின பிறகு கிளம்பு என்று சொல்வது சுலபம். சொந்தக் காரில் போகிறவர் நிறுத்தலாம். மற்றவர்கள்?

நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் கேள்வி கேட்கப்படும் பஸ் டிரைவர் இருக்கிறார். நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசிய லாரி டிரைவர் இருக்கிறார். சாப்பாட்டுப் பொட்டலத்தை முதுகில் கட்டிக்கொண்டு, போனில் ஓடும் நிமிஷக் கணக்கைப் பார்த்தபடி பறக்கும் பையன் இருக்கிறான். அவர்களுக்குத் தும்மல் என்பது வியாதி அல்ல. வருமானத்தில் விழும் ஓட்டை. ஐந்து நிமிஷம் நின்றால் அடுத்த சவாரி போய்விடும். ஜலதோஷத்துக்காக ஒரு நாள் லீவு எடுத்தால் ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே மாத்திரையை விழுங்கிவிட்டு ஓட்டுகிறார்கள்.

1961ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே டிரைவருக்கு நாளுக்கு 8 மணி வேலை, 5 மணி நேரத்துக்கு ஒரு முறை அரை மணி ஓய்வு என்று விதித்தது. காகிதத்தில் இருந்த அந்த அரை மணி ரோட்டில் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று டிரைவர்களைக் கேட்டால் தெரியும். வண்டி முதலாளிகளும் போக்குவரத்துக் கழகங்களும் ஒன்று செய்யலாம். "உடம்பு சரியில்லை, நிறுத்தினேன்" என்று சொல்லும் டிரைவரிடம் விளக்கம் கேட்காமல் இருக்கலாம். வருஷத்துக்கு ஒரு முறை கண் பரிசோதனை நடத்தும்போது மூக்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லலாம். இதற்கெல்லாம் பெரிய செலவு ஆகாது. ஒரு பஸ் கவிழ்ந்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது செலவே அல்ல.

யந்திரங்கள் ஒரு பக்கம் உதவிக்கு வருகின்றன. ஐரோப்பிய யூனியன் நாடுகளில் 2024 ஜூலை முதல் பதிவாகும் புதிய கார்களில் ஓட்டுகிறவரின் தூக்கக் கலக்கத்தைக் கண்டு எச்சரிக்கும் கருவியும், எதிரே தடை வந்தால் தானாகப் பிரேக் பிடிக்கும் கருவியும் கட்டாயம். தும்மி முடிப்பதற்குள் வண்டி தானே நின்றுவிடும் காலம் நம் ரோட்டுக்கும் வரலாம். வரும் வரை ஓட்டுகிறவரின் கால்தான் பிரேக்.

செய்ய வேண்டியது

மூக்கில் நமைச்சல் தொடங்கிய உடனே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். தும்மலுக்கு முன்னால் எச்சரிக்கையாக ஓரிரண்டு விநாடி கிடைக்கிறது. அதை வீணாக்கக் கூடாது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் உறுதியாக இருக்கட்டும். முன் வண்டிக்கு இடைவெளி விட வேண்டும். திடீர்ப் பிரேக் கூடாது. பின்னால் வருகிறவருக்கு உங்கள் மூக்கைப் பற்றித் தெரியாது.

மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் விரலால் அழுத்தினால் ஆரம்பத்திலேயே தும்மல் சில சமயம் நின்றுபோகும். நிற்காவிட்டால் தும்மிவிட வேண்டியதுதான். மூக்கையும் வாயையும் பொத்தி அடக்கக் கூடாது. டண்டீக்காரர் கதை அதற்குத்தான். 2020ல் கொரோனா வந்த பிறகு நாலு பேர் நடுவில் தும்மவே ஜனங்கள் கூசுகிறார்கள். காரில் கூட்டமாகப் போகும்போது அடக்குகிறவர்கள் பெருகியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். முகமூடி போட்டுக்கொண்டால் கூச்சமும் தீரும். வெளித் தூசியும் குறையும்.

கைக்குட்டையைப் பைக்குள் வைக்காமல் கைக்கு எட்டுமிடத்தில் வைக்கலாம். மணல் லாரி முன்னே போனால் கண்ணாடியை ஏற்றிவிட்டு, வெளிக் காற்று உள்ளே வராதபடி ஏ.சி.யைத் திருப்பிவிட்டு, லாரிக்குத் தூரமாகப் பின்தங்கிவிடலாம். கிளம்பும்போது ஜன்னலைத் திறந்துவைத்து ஏ.சி.யை இரண்டு நிமிஷம் ஓடவிட்டால் பூஞ்சைக் காற்று வெளியே போய்விடும். பில்டரைக் காலத்தில் மாற்ற வேண்டும். வண்டியின் உட்புறத்தை ஈரத் துணியால் துடைக்க வேண்டும். காய்ந்த துணியால் தட்டினால் தூசி இடம் மாறுமே தவிரப் போகாது.

மூன்று தும்மலுக்கு மேல் போனால் நிறுத்த வேண்டும். நெடுஞ்சாலையின் நடுவிலோ வெள்ளைக் கோட்டை ஒட்டியோ அல்ல. அப்படி நிற்கும் வண்டியில் பின்னால் வருகிறவர் மோதிச் சாவதும் நம் ரோட்டில் நடக்கிறது. நாலு பக்க விளக்கையும் போட்டு மெதுவாக ஊர்ந்து, பெட்ரோல் பங்க்கோ டீக் கடையோ வந்த இடத்தில் ரோட்டை விட்டு முழுவதும் இறங்கி நிற்க வேண்டும். முகத்தைக் கழுவி, மூக்கைச் சிந்தி, கண்ணீர் காய்ந்த பிறகு கிளம்பலாம்.

நம் பாட்டிமார் இதைத்தான் வேறு விதமாகச் சொன்னார்கள். கிளம்பும்போது யாராவது தும்மினால், "சற்று உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போ" என்பார்கள். குழந்தை தும்மினால் "ஆயுசு நூறு" என்பார்கள். தும்மலுக்கு நம்மிடையே எப்போதும் ஒரு மரியாதை இருந்திருக்கிறது. வள்ளுவர்கூடப் புலவி நுணுக்கத்தில் காதலன் போட்ட தும்மலை ஒரு ஊடலுக்கே காரணம் ஆக்கியிருக்கிறார். சகுனத்தில் நம்பிக்கை இல்லாதவர்கள் பாட்டியைக் கேலி செய்யலாம். அவர் சொன்ன காரணம் தப்பாகவே இருக்கட்டும். ஆனால் தும்மல் வந்தவன் சற்று உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்ற புத்திமதியில் டாக்டரும் நீதிபதியும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவருக்கு அது இரட்டிப்பாகப் பொருந்தும். அவருடைய ஆயுசு மட்டுமல்ல, எதிரே வருகிறவரின் ஆயுசும் அந்த ஒரு வாய்த் தண்ணீரில் இருக்கிறது.